கடை வழியே வந்த ஆமைகள்



1980, 90-களில் சீனாவிலிருந்து புதுப்புது ஆமை இனங்கள் வரிசையாக அறிவிக்கப்பட்டன. 1991-இல் 'மாரெமிஸ் ஐவர்சோனி' என்ற குள ஆமை. மறு ஆண்டே, முதலில் கிளையினமாக, 'செர்ராட்டா' என்ற பெட்டி ஆமை. பெயர் வைத்தவர்கள் ஆமைகளை நன்கறிந்த அறிஞர்கள்தாம். ஆனால் இத்தகைய ஆமைகளில் பல, ஓடையில் இறங்கிப் பிடித்தவை அல்ல; ஹாங்காங் விலங்கு வியாபாரிகள் வழியாக வாங்கியவை.

2001-இல் ஜேம்ஸ் பார்ஹாமும் உடன் ஆய்வாளர்களும் இவற்றின் மரபுப்பொருளைச் சோதித்தார்கள். இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே வரும். அதை மட்டும் பார்த்தால் தாய்வழி தெரியும், தகப்பன் யாரென்று தெரியாது. உயிரணுவின் உட்கருவிலுள்ள மரபணுக்களோ இருவரிடமிருந்தும் வருபவை. அதனால், அந்த மரபணுக்கள் உருவாக்கும் புரதங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். குட்டு வெளிப்பட்டது. ஐவர்சோனி தனி இனமே அல்ல. மஞ்சள் குள ஆமைக்கும் மூவரிப் பெட்டி ஆமைக்கும் பிறந்த கலப்பு. மூவரி ஆமைக்குச் சீனச் சந்தையில் கொள்ளை விலை. அதனால் பண்ணைகளில் வேண்டுமென்றே இப்படிக் கலந்து வளர்த்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் கலப்பு எல்லாமே பண்ணைச் சரக்குதானா? இல்லை. செர்ராட்டாவும் கலப்புதான். அதன் ஓட்டைப் பாருங்கள்: பின் விளிம்பில் ரம்பப் பல் போன்ற வெட்டுகள். அது அதன் பெற்றோரில் ஒன்றான மௌஹோட்டி ஆமையின் சாயல். மற்றொன்று கேல்பினிஃப்ரான்ஸ் என்னும் பெட்டி ஆமை. இந்த இரண்டும் ஹைனான் தீவின் காட்டில் தாமாகவே கூடுகின்றன என்பதை 2005-இல் ஓர் ஆய்வு காட்டியது.

பன்னாட்டு விலங்குப் பெயரீட்டு விதிகள் இதில் கறாரானவை. இனமென்று பெயரிட்ட விலங்கு பின்னாளில் கலப்பு என்று தெரிந்தால், அந்தப் பெயரைப் பெற்றோர் இனம் எதற்கும் சூட்டக்கூடாது. கலப்பைக் குறிக்க வேண்டுமானால், இரு பெற்றோர் பெயர்களையும் எழுதி நடுவே பெருக்கல் குறி போடுவது வழக்கம்.

இது வெறும் பெயர்த் தகராறு அல்ல. அரிய இனம் என்று நம்பிப் பாதுகாப்புப் பணத்தையும் உழைப்பையும் ஒரு கலப்பின்மேல் கொட்டினால், நட்டம் அதைப் பெற்றவற்றுக்கு. காட்டில் மூவரி ஆமை இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.