‘என்னால்’ என்னும் சொல்: ஓர் அனிமே நாயகனும் மூன்றாம் வேற்றுமையும்



இலக்கணம் பேச வந்தவர் ஜப்பானிய அசைவுப்படத்தைப் பற்றி ஏன் பேசுகிறார் என்று சிலர் எண்ணக்கூடும். நம் மாணவர்கள் அனிமே எனப்படும் அப்படங்களை விரும்பிப் பார்க்கிறார்கள். அவற்றில் வரும் நாயகர்களுள் ஒரு வகையினர், தம்மிடமுள்ள பேராற்றலை அடக்க இயலாமல் அழிவுக்குக் காரணமாகி, அக்குற்றவுணர்வைச் சுமந்து திரிபவர்கள். அவர்களுள் ஒருவனுடைய நிலையைத் தமிழில் எந்தச் சொல்லால் சொல்வது என்னும் ஒரே வினாவை இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

யாசுஹிரோ நைட்டோ அவர்கள் 1995ஆம் ஆண்டு தொடங்கிய ‘டிரைகன்’ என்னும் படக்கதை, 1998இல் 26 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக வெளிவந்தது. இரு சூரியன்கள் காயும் பாலைக் கோள் ஒன்றில் கதை நிகழ்கிறது. அதன் நாயகன் வாஷ். சிவப்பு அங்கி அணிந்தவன், கோமாளிபோல் நடப்பவன், எவரையும் கொல்வதில்லை என்னும் உறுதியுடையவன். அவன் தலைக்கு 60 பில்லியன் இரட்டை டாலர் விலை வைக்கப்பட்டுள்ளது. ஜூலை என்னும் மாநகரம் தரைமட்டமானதற்கு அவனே காரணம் என்பது குற்றச்சாட்டு. அன்று நடந்தது அவனுக்கே நினைவில்லை. அவனுடைய இரட்டைச் சகோதரன் நைவ்ஸ், வாஷின் கையில் உறங்கிய ஆற்றலைத் தூண்டிவிட்டதால் அவ்வழிவு நேர்ந்தது என்பது பின்னரே நமக்குத் தெரியவருகிறது.

இந்நிகழ்ச்சியைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்? ‘நகரம் அழிந்தது’ எனலாம். ‘வாஷ் நகரத்தை அழித்தான்’ என்றும் சொல்லலாம். ‘அழி’ என்னும் ஒரே வினையடி ‘ந்த்’ ஏற்கும்போது நிகழ்ச்சியையும், ‘த்த்’ ஏற்கும்போது செயலையும் குறிக்கிறது. உடைந்தது – உடைத்தான், எரிந்தது – எரித்தான், சிதைந்தது – சிதைத்தான் என இவ்விணைகள் நம் மொழியில் மிகப் பல. ஜப்பானிய மொழியிலும் இத்தகைய இணைகள் உண்டு. ‘கொவரெரு’ என்றால் உடைதல். ‘கொவசு’ என்றால் உடைத்தல். ‘ஹொரொபிரு’ என்றால் அழிதல். ‘ஹொரொபொசு’ என்றால் அழித்தல். ஒன்றில் செய்தவன் மறைந்துவிடுகிறான். மற்றொன்றில் முன்னே வந்து நிற்கிறான்.

உலகம் வாஷை இவ்விரு தொடர்களுக்கும் இடையே பந்தாடுகிறது. விலை வைத்தவர்கள் ‘அழித்தான்’ என்றார்கள். ஊரார் அவனை மனித உருவில் வந்த சூறாவளி என்று அழைத்தார்கள். படக்கதையில் ஒரு கட்டத்தில் அரசு அவனை ஒரு பேரிடர் என்றே வகைப்படுத்தி, தலைக்கு வைத்த விலையையும் விலக்கிக்கொள்கிறது. மேலோட்டமாக நோக்கினால் இது விடுதலை. புயலைக் கூண்டில் ஏற்றி வழக்காடுவார் எவருமில்லை. ஆயினும் பேரிடர் என்று சொல்லப்படுபவன் மனிதன் என்னும் நிலையையும் இழந்துவிடுகிறான். வாஷ் அவ்விலக்கை ஏற்றுக்கொண்டு நிம்மதி அடைவதில்லை.

அவன் நிலைக்குப் பொருந்தும் மூன்றாவது தொடர் ஒன்று தமிழில் இருக்கிறது: ‘என்னால் நகரம் அழிந்தது.’ இதில் வினை ‘அழிந்தது’ என்றே நிற்கிறது. ஆகவே, வேண்டுமென்று செய்ததாகப் பொருள்படவில்லை. ஆயினும் ‘என்னால்’ என்னும் சொல் பேசுபவனை அங்கிருந்து விலகவிடாமல் நிறுத்திவைக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி ஆகிய பொருள்களை நன்னூல் கூறுகிறது. ‘வாளால் வெட்டினான்’ என்பதில் வாள் கருவி. ‘அரசனால் கட்டப்பட்ட கோயில்’ என்பதில் அரசன் கருத்தா. உருபு ஒன்றே. ஜூலை நகரத்தில் வாஷ் கருவியா, கருத்தாவா? நைவ்ஸின் கையில் அவன் கருவி. எனினும் ஆற்றல் அவனுடைய கையிலிருந்தே புறப்பட்டது. இலக்கணம் இங்கே தீர்ப்பு வழங்காமல் இரு பொருளுக்கும் இடம் விட்டு நிற்கிறது. அவனுடைய குற்றவுணர்வு அவ்விடத்தில்தான் குடியிருக்கிறது.

தொடரின் இறுதிப் பகுதிகளில் இது மேலும் கடுமையாகிறது. பிறர் உடலைத் தன் மனத்தால் ஆட்டிவைக்கும் லெகாட்டோ என்பவன், தன்னைக் கொன்றாலன்றி வாஷின் தோழியர் இருவரும் மாள்வர் என்னும் நெருக்கடியை உண்டாக்குகிறான். வாஷ் சுடுகிறான். இப்பொழுது ‘என்னால்’ என்று சொல்லவும் வழியில்லை. ‘நான் கொன்றேன்’ என்பதே எஞ்சுகிறது. வற்புறுத்தப்பட்டான் என்பதை நாம் அறிவோம். அவன் மனம் அதனை ஏற்க மறுத்து உடைந்துபோகிறது.

ஜப்பானிய மொழியில் ‘சுமி’ என்னும் ஒரு சொல் சட்டம் கூறும் குற்றத்தையும் சமயம் கூறும் பாவத்தையும் ஒருசேரக் குறிக்கும். தமிழில் நாம் பிரித்தறிய இயலும். குற்றம் செயலைச் சார்ந்தது. பழி பிறர் சுமத்துவது. குற்றவுணர்வு உள்ளத்தில் எழுவது. ஜூலை நகரத்தைப் பொறுத்தவரை வாஷிடம் குற்றம் குறைவு, பழி மிகுதி, குற்றவுணர்வோ அளவற்றது. இம்மூன்றும் ஒரே அளவினவாக இருக்க வேண்டியதில்லை என்பதை மாணவர்களுக்கு விளக்க, இதைவிட எளிய சான்று கிடைப்பது அரிது.

ஆசிரியப் பெருமக்களே, இது கற்பனைக் கதையோடு முடிவதன்று. பெற்றோர் பிரிந்த வீட்டுப் பிள்ளையும், தம்பி விழுந்து அடிபட்டபோது அருகிலிருந்த அக்காளும் ‘என்னால்தான்’ என்று தமக்குள் சொல்லிக்கொள்வதுண்டு. அச்சொல் ஒரு கட்டுரையிலோ பேச்சிலோ வெளிப்படும்போது, ‘உன்மேல் தவறில்லை’ என்று விரைந்து முடித்துவிடுகிறோம். அவ்வாறு சொல்வது பலவேளைகளில் அப்பிள்ளையைத் தனிமையில் விட்டுவிடுகிறது. நீ அங்கே இருந்தாய் என்பதை ஏற்று, கருவியும் கருத்தாவும் வேறு என்பதைப் பொறுமையாகப் பிரித்துக் காட்டுவது நலம்.

இன்னும் ஒரு செய்தி உண்டு. ஜப்பானிய மொழியில் தீமைக்குக் காரணமானவரைச் சுட்ட ‘செய்’ என்றொரு சொல்லும், நன்மைக்குக் காரணமானவரைச் சுட்ட ‘ஒகாகெ’ என்றொரு சொல்லும் தனித்தனியே வழங்குகின்றன. ‘இயலும்’ என்பதற்கு ‘தெகிரு’ என்னும் வேறொரு வினை உண்டு. தமிழில் ‘உன்னால் கெட்டேன்’, ‘உங்களால் பிழைத்தேன்’, ‘என்னால் முடியும்’ ஆகிய மூன்றுக்கும் ‘ஆல்’ உருபு ஒன்றே போதுமானதாக இருக்கிறது. அழிவுக்குக் காரணமாவதும் ஆக்கத்துக்குத் திறன் பெறுவதும் நம் மொழியில் ஒரே சொல்லால் தொடங்குகின்றன.

கதையின் முடிவும் இதற்கு ஒத்துச் செல்கிறது. நைவ்ஸை வென்ற வாஷ் அவனைக் கொல்லவில்லை. காயமுற்ற சகோதரனைத் தோளில் சுமந்துகொண்டு பாலையில் நடக்கிறான். அழிந்த நகரம் மீளவில்லை. கையிலுள்ள ஆற்றலும் நீங்கவில்லை. ஆயினும் ‘என்னால் அழிந்தது’ என்று மட்டுமே சொல்லிவந்தவன், ‘என்னால் ஒருவனைச் சுமக்க முடியும்’ என்று செயலால் சொல்கிறான்.

மாணவச் செல்வங்களே, ‘என்னால்’ என்று தொடங்கும் தொடரை எந்த வினையால் முடிப்பது என்பது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது.