உப்புக்காற்றும் ஒரு போத்தல் மெழுகும்

முள்ளிவாய்க்காலுக்கு ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் நந்திக்கடல். இரவு வாசலில் விட்ட வானை விடியத் தொட்டுப் பாருங்கள், விரலில் உப்புப் பிசுபிசுக்கும். 2009இல் போர் முடிந்த பிறகு இந்தக் கரையில் கேட்பாரற்றுக் கிடந்த வாகனங்களை அந்த உப்பு எப்படித் தின்றது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. விலையோ எட்டாத உயரம். இருக்கிற வாகனத்தின் பெயின்ற்றைத்தான் காப்பாற்ற வேண்டும். அதற்குக் கடையில் இரண்டு வழி: அழுக்கெடுத்து, மினுக்கி, மெழுகும் பூசிவிடும் ஒரே போத்தல், அல்லது கொம்பவுண்ட், பொலிஷ், மெழுகு என்று தனித்தனியாகச் செய்யும் வேலை.

கொம்பவுண்ட் கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள பூச்சைச் சீவி இறக்குகிறது. இன்றைய கார்களின் நிறத்துக்கு மேலுள்ள தெளிந்த பூச்சின் தடிப்பு பெரும்பாலும் 40, 50 மைக்ரோன்தான். வருடா வருடம் சீவினால் என்ன மிஞ்சும்? மங்கிப்போன பழைய வானுக்கு ஒருமுறை அந்த வேலை செய்யுங்கள், நல்லது. அதற்குமேல் வேண்டாம். நகம் இடறுகிற கீறல் பொலிஷுக்குப் போகாது. அதற்குள் இரும்பு தெரிந்தால் உடனே பெயின்ற்றால் அடையுங்கள், இல்லாவிட்டால் கறள் உள்ளே ஊர்ந்துவிடும்.

மீன் ஏற்றும் பட்டா லொறிக்கும், ஓடித்திரியும் ஆட்டோவுக்கும் ஒரே போத்தலைத்தான் நான் சொல்வேன். அதன் மெழுகு சீக்கிரம் தேயும், உண்மைதான். ஆனால் ஒரு காலைப்பொழுதில் திரும்பப் பூசிவிடலாம். இந்தப் பூச்சுகள் பலவற்றில் கார்னூபா மெழுகு சேர்கிறது. பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் வளரும் பனைச்சாதி மரமொன்றின் ஓலையை உலர்த்தித் தட்டி எடுப்பது அது. எங்கள் பனைக்கு அது தூரத்து உறவு. ஓலை வெயிலில் வற்றாமல் தனக்குத் தானே பூசிக்கொண்ட மெழுகுதான் வாகனத்துக்கும் வருகிறது.

எதைப் பூசினாலும் முதலில் நல்ல தண்ணீர். காய்ந்த துணியால் துடைக்காதீர்கள், ஒட்டியிருக்கும் மணல் பெயின்ற்றைக் கீறிவிடும். வட்டுவாகல் பாலத்தால் வந்த பிறகு மட்காட்டின் உட்பக்கத்துக்கும் தண்ணீர் அடியுங்கள், அங்கே எந்த மெழுகும் எட்டாது. கிணறு உவர் என்றால், மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். கழுவிய ஈரம் உலர்ந்ததும், தகரம் சூடேற முன்னர், நிழலில் வைத்து மெழுகைப் பூசுங்கள்.