மரச்சீனியையும் பயிராகக் கணக்கெடு!

(திருவட்டாறில் நடந்த விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் செயலாளர் பேசியது)



ரப்பருக்குக் கூட்டம் போடலாம், வாழைக்குப் போடலாம், மரச்சீனிக்கு என்ன கூட்டம் என்று சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கூட்டமே. நம்ம வயிற்றில் கிடக்கிற கிழங்கு அரசாங்கக் கணக்கில் இல்லை.

சேலத்துக்காரர் இதை மரவள்ளி, குச்சிக்கிழங்கு என்பார். நம்ம பக்கம் மரச்சீனி. ஏழிலைக் கிழங்கு என்றும் பேருண்டு, இலை விரல் விரலாகப் பிரிந்திருப்பதால். பேர் என்னவானாலும் இது இந்த மண்ணில் பிறந்ததில்லை. தென் அமெரிக்காவில், பிரேசில் பக்கத்தில் பிறந்தது. போர்த்துகீசியர் கப்பலில் மலையாளக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பரப்பப் பாடுபட்டார். 1956 நவம்பர் 1 வரை நாமும் திருவிதாங்கூர்தானே, அப்படித்தான் நம்ம விளைக்கும் வந்து சேர்ந்தது.

1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான். பர்மா அரிசி நின்றது. திருவிதாங்கூரில் விளைந்த நெல் இருக்கிற வாய்க்குப் போதாது. அந்தப் பஞ்சத்தில் ஏழை வீட்டு அடுப்பில் வெந்தது இந்தக் கிழங்குதான். நம்ம அப்பா அம்மாமார் அரிசிச் சோற்றை விசேஷ நாளுக்கு வைத்துவிட்டு, மற்ற நாளெல்லாம் கிழங்கைத் தின்று வளர்ந்தவர்கள். இன்றைக்கும் அவித்த கிழங்கும் சாளைக் கறியும் இருந்தால் வேறு என்ன வேணும்? கறி இல்லாத நாளில் காந்தாரி மிளகு அரைத்த சம்மந்தி போதும். மிஞ்சினால் வெட்டி, வெயிலில் உணக்கி, மழைக்காலத்துக்குப் பத்திரப்படுத்துவோம். இடித்து மாவாக்கினால் புட்டு. (கட்டுள்ள கிழங்கை நிறையத் தண்ணீர் வைத்து அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிக் களைய வேணும். இதைப் பெண்களுக்குச் சொல்ல வேண்டாம், ஆண்களுக்குத்தான் சொல்லணும். பச்சை இலையை ஆடு கடிக்காமலும் பார்க்கணும், விஷம்.)

அதே யுத்த காலத்தில் மலேயா சவ்வரிசி வரத்து நின்றபோது, சேலத்தில் இந்தக் கிழங்கை அரைத்துச் சவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். இன்று அங்கே ஆலைகள் இருக்கு, 1981-ல் ஏற்பட்ட சேகோசர்வ் கூட்டுறவு இருக்கு. கிழங்கில் எவ்வளவு மாவு என்று பாயிண்ட் பார்த்து விலை பேசுகிறார்கள். அவர்களுக்கும் விலைச்சண்டை உண்டு, ஆனால் சண்டைபோட ஒரு கணக்காவது இருக்கு. நமக்கு? பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கறுக்கத் தொடங்கும். அது வியாபாரிக்கும் தெரியும். அவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

ரப்பர் வந்த பிறகு சொந்த விளையில் கிழங்கு போடுகிறவர்கள் குறைந்து போனார்கள். மரம் முறித்த விளையையோ தரிசு வயலையோ பாட்டத்துக்கு எடுத்துத்தான் நம்மில் பலர் போடுகிறோம். பாட்டம் வாய்ச்சொல். கம்பு வெட்டி நட்டு, மண் கூட்டி, உரம் வைத்து, எட்டு பத்து மாதம் காத்திருக்கணும். கிழங்கு இறங்கும் நேரம் பார்த்துப் பன்னி வருகிறது. ஒரு கூட்டம் ஒரு ராத்திரி நுழைந்தால் போதும், விடியும்போது கம்பு மட்டும் சரிந்து கிடக்கும். மனு கொண்டு போனால், பாட்டத்துக்குச் சீட்டு உண்டா, அடங்கலில் உங்கள் பேர் உண்டா, மரச்சீனி என்று எழுதியிருக்கா என்று கேள்வி. எதுவும் இல்லை. கிழங்கு போனது நமக்கு; நஷ்ட ஈடு கேட்கத் தகுதி நிலத்துக்காரருக்கு.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவு அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்னியை வனத்துறை சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. சரி, காட்டோரத்தில் பாட்டம் எடுத்தவன் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் அல்லவா இருக்கான்? பக்கத்துக் கேரளத்தில் 2022-லேயே பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு இதில் அதிகாரம் கொடுத்தாயிற்று.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2020-ல் மரவள்ளிக்கு ஒரு புது மாவுப்பூச்சி வந்து, சேலம், நாமக்கல் தோட்டங்களையும் பிடித்தது. அதைத் தின்னும் சின்னக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து வளர்த்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஒரு பூச்சிக்காகக் கடல் தாண்டிப் போக முடிந்தவர்களுக்கு, நம்ம விளை வரை வர முடியாதா?

நாம் கேட்பது பெரிதல்ல. யார் பயிர் செய்கிறாரோ அவர் பேரும், மரச்சீனி என்கிற பயிர்ப் பேரும் அடங்கலில் ஏறணும். பன்னி அழித்தால் பயிர் செய்தவர் கையில் ஈட்டுத்தொகை வரணும், அதுவும் மூடு எண்ணிக் கணக்கிட்டு. காட்டோர விளைகளில் கூண்டு வைக்கணும்.

வருகிற திங்கட்கிழமை காலை 10 மணிக்குத் தாலுகா அலுவலகம் முன்னால் கூடுகிறோம். பாட்டக்காரர்கள் கட்டாயம் வரணும். பன்னி கடித்த கிழங்கு இருந்தால் சாக்கில் கட்டி எடுத்து வாருங்கள், அதிகாரிகள் பார்க்கட்டும். மத்தியானத்துக்கு நல்ல கிழங்கு நாம் அங்கேயே அவிப்போம்.