வலியை நம்பும் நட்பு



பெரம்பலூர்ப் பக்கத்தில் பருத்தி எடுக்கும் பருவத்திலும், அரியலூர்ப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை பொறுக்கும் பருவத்திலும் உடல்வலி என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் சொல். ஓரிரவு உறங்கி எழுந்தால் அவ்வலி பெரும்பாலும் தணிந்துவிடும். உறங்கி எழுந்தும் தணியாது, மூன்று மாதங்களுக்கும் மேலாகத் தோள், முதுகு, இடுப்பு, கால் என உடலெங்கும் பரவி நிற்கும் வலியும் ஒன்றுண்டு. அயர்வும், நிறைவு தராத உறக்கமும், நினைவு மங்கலும் அதனுடன் சேர்ந்து வரும். மருத்துவர் இதனை ஃபைப்ரோமயால்ஜியா என்பர். ஆண்களுக்கும் வரும், பெண்களிடத்தே மிகுதி.

வலியோடு பிறர் நம்பாமையும் சேர்ந்துகொள்வதே இந்நோயின் கொடுமை. இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் பெரும்பாலும் குறை எதனையும் காட்டா. மூட்டு வீங்குவதில்லை. ஆதலின், "ஒன்றுமில்லை, வேலைக்குச் சோம்பிச் சொல்கிறாள்" என்னும் பேச்சு வீட்டுக்குள்ளேயே எழுகிறது. உண்மையில், மூளையும் தண்டுவடமும் வலிச் செய்தியைப் பன்மடங்கு பெருக்கி உணர்த்துகின்றன. அதனால் சிறு அழுத்தமும் பெருநோவாகிறது.

1990இல் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கம், பரவிய வலியோடு, உடலின் 18 இடங்களை அழுத்தி 11 இடங்களில் நோவு இருப்பின் இந்நோய் என வகுத்தது. 2010இல் அம்முறையை மாற்றி, வலி பரவிய இடங்களையும், அயர்வு, உறக்கம், நினைவு ஆகியவற்றின் நிலையையும் நோயாளியிடம் கேட்டே கணிக்கலாம் என்றது. நோயாளியின் சொல்லை மருத்துவமே சான்றாக ஏற்றுக்கொண்டபின், நண்பர் ஏற்கத் தயங்குவானேன்?

ஆகவே, நண்பரின் முதற்கடமை நம்புதல். இரண்டாவது, கேளாத வைத்தியம் சொல்லாதிருத்தல். எண்ணெயும் கஷாயமும் பற்றி அவர் முன்பே நூறு பேரிடம் கேட்டிருப்பார். மூன்றாவது, குறிப்பிட்ட உதவி. "ஏதாவது வேண்டுமா?" என்றால் "வேண்டாம்" என்ற விடையே வரும். "நாளை சந்தைக்குப் போகிறேன், உனக்கும் காய் வாங்கி வருகிறேன்" என்றால் மறுப்பது அரிது.

நான்காவது, உடன் நடத்தல். ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவர் அமைப்பு 2016இல் வெளியிட்ட பரிந்துரைகளில் உறுதியாக வலியுறுத்தப்பட்டது உடற்பயிற்சி ஒன்றே. தொடக்கத்தில் தெருமுனை வரை போதும். சிறுகச் சிறுகக் கூட்டலாம். நலமாக உள்ள நாளில் எல்லா வேலையையும் முடித்துவிட முனைந்தால், அடுத்த நாள் படுக்கையில் கழியும். அன்று "போதும், உட்கார்" என்று சொல்பவரே நண்பர்.

ஐந்தாவது, மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லுதல். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. வலியும் உறக்கமும் இருந்த விதத்தை இரு வாரங்கள் ஒரு தாளில் குறித்துக் கொண்டுபோனால் மருத்துவருக்கு எளிது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் உண்டு. அது இவருக்குப் பொருந்துமா என ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். காய்ச்சல், மூட்டு வீக்கம், உடல் மெலிவு ஆகியவை புதிதாகத் தோன்றின், பழைய நோய் என ஒதுக்காது உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

இரவில் உண்ணாத இல்லங்களில், படுக்குமுன் கொள்ளும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாது, அதன் நேரத்தை மருத்துவரிடமே கேட்டு அமைத்துக்கொள்க. விழாக்களில் தரையில் நெடுநேரம் அமர இயலாதவருக்கு ஒரு நாற்காலி இடுக. அதற்குக் காரணம் கேளற்க. மனம் தளர்ந்து வாழ்வே வெறுத்ததாக அவர் பேசின், தனியே விடாது 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை அழைத்துப் பேச உதவுக.

இந்நோய் உயிரைக் கொல்வதில்லை. எளிதில் அகல்வதும் இல்லை. ஆண்டுகள் பல நீளும் நோய்க்கு ஆண்டுகள் பல நீளும் நட்பே துணை. இவ்விழாவுக்கு வர இயலாமல் வீட்டில் இருப்பவர் எவரேனும் உண்டெனில், நாளைக் காலை அவர் வீட்டுப் படியேறுங்கள். "ஏன் வரவில்லை?" என்று கேளாமல், "நேற்று இரவு உறங்கினாயா?" என்று கேளுங்கள்.