யானைமலை ஏற்றம்



மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் ஒத்தக்கடையை நெருங்கும்போது, துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானையைப் போன்ற ஒரு பெரும்பாறையைக் காண்பீர்கள். அதுவே யானைமலை. பேருந்தின் சன்னல் வழியே அதைப் பார்த்தோர் பல்லாயிரவர். அதன் முதுகில் நின்று மதுரையைப் பார்த்தோர் சிலரே. சென்ற தை மாதத்தில் நாங்கள் மூவர் அம்மலையில் ஏறினோம். மூவரும் பள்ளியாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் புவியியல் கற்பித்தவர், ஒருவர் கணக்கு, நான் தமிழ்.

பொழுது புலருமுன் நரசிங்கம் என்னும் அடிவாரத்து ஊரை அடைந்தோம். அங்கே பாறையைக் குடைந்தமைத்த நரசிங்கப் பெருமாள் கோயில் இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சனாகிய மாறன் காரி அதைத் தொடங்கினான், முடிக்குமுன் இறந்தான். அவன் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எழுப்பிக் குடமுழுக்குச் செய்வித்தான். அண்ணன் தொடங்கியதைத் தம்பி முடித்த இச்செய்தி கல்வெட்டிலேயே இருக்கிறது. அதில் கலியாண்டு 3871 எனக் குறித்திருப்பதாக நான் சொல்லி முடிப்பதற்குள், கணக்காசிரியர், "3101ஐக் கழியுங்கள், கி.பி. 770" என்றார். ஓய்வு பெற்றாலும் கணக்கு ஓய்வதில்லை!

இம்மலைச் சரிவில் வேறோரிடத்தில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சிலவற்றின் மேல் பழைய சுதையும் வண்ணமும் இன்னும் ஒட்டியிருக்கின்றன. கீழே வட்டெழுத்தில் செய்வித்தோர் பெயர்கள். அவற்றுள் அச்சணந்தி என்னும் சமணத் துறவியின் பெயரும் ஒன்று. என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது வேறொரு செய்தி. இவ்வுருவங்களுள் ஒன்றைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர்கள் நரசிங்கமங்கலத்துச் சபையார் என்று கல்லில் பொறித்திருக்கிறது. பெருமாள் கோயிலைச் சூழ்ந்த அந்தணர் ஊர்ச்சபை, சமண உருவத்துக்குக் காவல் நின்றது! அக்காலத்துச் சமயப் பூசல்களை மட்டுமே பாடமாகப் படித்த மாணவர்கள் இவ்வரியையும் படிக்க வேண்டும்.

இனி ஏற்றம். முதலில் சரிவு மெல்லியது, பிறகு செங்குத்தாகிறது. பிடிக்கச் செடியில்லை, கொடியில்லை. ஆங்காங்கே கால் பதிக்க ஆழமின்றி வெட்டிய குழிகளே துணை. செருப்பைக் கழற்றிப் பையிலிட்டோம். வெறுங்காலுக்குப் பாறை பிடி கொடுக்கிறது. எங்களுள் மூச்சு விரைவில் வாங்குபவர் புவியியலாசிரியர். ஆகவே அவரை முன்னே நடக்கவிட்டோம். கூட்டமாக மலையேறுவோருக்கு இது நல்ல முறை. முன்செல்பவர் வேகமே எல்லோருக்கும் வேகமாகிவிடும். அவரோ மூச்சு வாங்கும்போதெல்லாம் பாறையைச் சுட்டிக்காட்டிப் பாடம் நடத்தினார். மேலிருந்த மண்ணும் கல்லும் அரித்துப் போனபின் சுமை நீங்கிய பாறை விரிகிறது. அதனாலும், வெயிலாலும் மழையாலும், மேற்புறம் வெங்காயத் தோல்போல் ஏடு ஏடாகக் கழல்கிறது. யானையின் முதுகு இவ்வளவு வழவழப்பாய் உருண்டது அப்படித்தான் என்றார். பாடம் நீண்டதற்கு மூச்சும் ஒரு காரணம் என்று கணக்காசிரியர் என் காதில் சொன்னார்.

மேலே இயற்கைக் குகைத்தளமும் துறவியர் படுத்த கற்படுக்கைகளும் உள்ளன. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழிக் கல்வெட்டு இம்மலையை 'இவகுன்றம்' என்கிறது. இபம் என்றால் யானை. அன்று பார்த்தவர் கண்ணுக்கும் இது யானையாகவே தோன்றியிருக்கிறது.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. தென்மேற்கே வெண்பனி கலையக் கலைய மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்கள் தெரிந்தன. அப்பால் திருப்பரங்குன்றம், மேற்கே நாகமலை, வடக்கே அழகர்மலை. நடக்கும்போது முடிவேயில்லாத மாநகரம், இங்கிருந்து இரு கைகளுக்குள் அடங்கிவிடுகிறது. வயல்களை வீட்டுமனைகள் தின்றுவருவதும் தெளிவாகத் தெரிகிறது.

கிழக்கே, மேலூர்ப் பக்கம், கல்லுக்காக அறுக்கப்பட்ட குன்றுகளைப் பற்றி எங்கள் பேச்சுத் திரும்பியது. 2010இல் யானைமலையிலேயே சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. சிற்பம் என்பது இனிய சொல். ஆனால் உளி முதலில் மலையின் மேல்தானே விழும்? கணக்காசிரியர் ஒப்பவில்லை. "ஊர்ப்பிள்ளைகளுக்கு வேலை கிடைத்திருக்குமே" என்றார். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் அந்த ஊரார்தாம் முதலில் எதிர்த்தவர்கள். திட்டம் கைவிடப்பட்டது. சபையாரின் காவல் அந்த ஊரைவிட்டு இன்னும் போகவில்லை போலும் என்றேன் நான். அவர் விடையளிக்காமல் தண்ணீர்க் குடுவையை நீட்டினார்.

இறக்கம் ஏற்றத்தினும் கடினம். வெயில் ஏறப் பாறை சுட்டது. செங்குத்தான இடங்களில் வயதையும் மரியாதையையும் மறந்து உட்கார்ந்தே நகர்ந்தோம். அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர் எங்கள் வேட்டிகளைப் பார்த்துச் சிரித்தார்.

"மேலே குழியில தண்ணி கெடக்காய்யா?" என்று கேட்டார்.

முழங்காலளவு இருக்கிறது என்றோம்.

"அப்ப பங்குனி வரைக்கும் ஆட்டுக்குக் கவலையில்ல" என்று சொல்லி, மந்தையை மலைப்பக்கம் திருப்பினார்.