ஓய்வு பெற்றவர் கையிலுள்ள தொழில்



பம்பாய்க்குத் தமிழர் பெரும்பாலும் இரு வழியாக வந்தனர். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றவர்கள் ரயில்வேயிலும் வங்கிகளிலும் குமாஸ்தாக்களாக அமர்ந்து மாட்டுங்காவில் குடியேறினர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடி வந்தவர்கள் தாராவியில் தங்கினர். செம்பூர் பின்னர் வளர்ந்தது. 1950-களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் எழுந்தபின் அங்கும் நம்மவர் பெருகினர். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே கிடப்பது ஒரு ரயில் பாதைதான். ஆயினும் மாட்டுங்காவில் நெடுங்காலம் வாழ்ந்த நான், ரயில்வே கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெறும்வரை அப்பாதையைக் கடந்து தாராவிக்குள் நடந்ததில்லை.

மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 1998-இல் 58-லிருந்து 60 ஆக உயர்ந்தது. அறுபதைத் தொட்ட இந்தியர் ஒருவர் சராசரியாக இன்னும் ஏறத்தாழ 18 ஆண்டுகள் வாழ்கிறார். அது ஒரு சிறு காலமன்று. ஒரு குழந்தை பிறந்து வாக்குரிமை பெறும் காலம். அதை எவ்வாறு கழிப்பது? 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தையும், 1952-இல் ஷண்முகானந்த சபையையும் கண்டது மாட்டுங்கா. ஆதலால் ஓய்வு பெற்றவர்க்குக் கச்சேரிக்கும் கமிட்டிக்கும் குறைவில்லை. நானும் ஒரு கமிட்டியில் இரண்டாண்டு இருந்தேன். செயலாளர் நாற்காலியைப் பற்றி நாங்கள் பேசியதில் பாதிப் பொழுதையேனும் வேலையில் செலவிட்டிருக்கலாம் என்று இப்பொழுது தோன்றுகிறது.

தாராவியில் முதியோர்க்கு ஓய்வு என்ற சொல்லே அந்நியம். விடியுமுன் இட்லி அவித்து நகரெங்கும் அனுப்பும் குடும்பங்களில், கை ஓய்ந்தால் வருமானமும் ஓய்ந்துவிடும். ஓய்வூதியம் தரும் முதலாளி அவர்களுக்கு எவருமில்லை. மகாராஷ்டிர அரசு ‘சிராவண் பாள்’ என்னும் திட்டத்தின் கீழ், 65 வயது கடந்த ஏழைகளுக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்குகிறது. ஆனால் 15 ஆண்டுகள் இம்மாநிலத்தில் வசித்ததற்குச் சான்று வேண்டும். விண்ணப்பம் மராத்தியில் இருக்கும். நாற்பதாண்டு இங்கு வாழ்ந்தவரும் அந்தக் காகிதத்தின் முன் நேற்று வந்தவர்போல் நிற்கிறார்.

நண்பர் ஒருவர் அழைக்க, ஒரு சனிக்கிழமை தாராவிக் கோயில் திண்ணையில் போய் அமர்ந்தேன். முதலில் வந்தவர் கண் மங்கி இட்லிக் கொப்பரையை மருமகளிடம் விட்டுவிட்ட ஓர் ஆச்சி. அவரிடம் எல்லாக் காகிதமும் இருந்தன. ஆனால் மூன்றில் மூன்று பெயர். நம் வழக்கம் முதலெழுத்தும் பெயரும். இங்குள்ள வழக்கம் குடும்பப்பெயர், தன் பெயர், கணவர் அல்லது தந்தை பெயர். குடும்பப்பெயர்க் கட்டத்தில் ரேஷன் அட்டை எழுதியவர் கணவரின் பெயரை இட்டார். வாக்காளர் அட்டை எழுதியவர் தந்தையின் பெயரை இட்டார். ஆதாரில் ஊர்ப்பெயர் ஏறிவிட்டது. அலுவலகத்தின் கண்ணுக்கு அவர் மூன்று பெண்கள். அம்மூவரில் எவரும் 15 ஆண்டு வசித்தவரல்லர்!

இச்சிக்கலை அவிழ்க்கப் பெரும் கல்வி தேவையில்லை. முதலெழுத்தின் பொருளும் அறிந்து, அரசு அலுவலகக் கோப்பின் போக்கும் அறிந்த ஒருவர் போதும். வாழ்நாளெல்லாம் இனிஷியலோடு இங்கு உத்தியோகம் பார்த்த ஓய்வு பெற்ற தமிழ்க் குமாஸ்தாவைவிட அதற்கு ஏற்றவர் எவர்? மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதுவித்தோம். மகன் படித்த மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியின் பழைய சான்றிதழும், மின்கட்டண ரசீதுகளும் வசித்த ஆண்டுகளைச் சொல்லின. மராத்தி எழுதச் செம்பூரிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். நான் மராத்தியைப் பேசுவேனேயன்றி எழுதியதில்லை. அறுபத்திரண்டாம் வயதில் அவரிடம் எழுதப் பழகினேன்.

இரு முறை விண்ணப்பம் திரும்பி வந்தது. திரும்பிய கோப்பு செத்த கோப்பன்று என்பது கணக்குப் பிரிவில் இருந்தவனுக்குத் தெரியும்; ஆச்சிக்குத் தெரியாது. அவர் முதல் முறையே கைவிட்டிருப்பார். ‘எவ்விதி, எப்பத்தி’ என்று வினவி நான் எழுதிய கடிதங்களை, பணியில் இருந்த நாளில் என் மேலதிகாரி கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஏழாம் மாதம் ஆணை வந்தது.

நேயர்களே, ஆண்டுதோறும் ஓய்வூதியர் யாவரும் உயிரோடிருப்பதற்குச் சான்று அளிக்கிறோம். 2014 முதல் விரல்ரேகை வைத்தே அதை அளிக்க வழியுண்டு. இட்லி அவித்துத் தேய்ந்த விரலில் ரேகை பதிவதில்லை. அதற்கும் மனு எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் திண்ணையில் இப்பொழுது ஐவர் அமர்கிறோம். ஒருவர் வங்கியில் இருந்தவர். மற்றொருவர் தொழிற்சாலையில் போர்மேன், எழுத்து வேலை வராது, ஆனால் வரிசையில் நின்று முதியவர்க்கு இடம் பிடித்துத் தருவதில் நிகரில்லாதவர்.

தொகை கிடைத்த மறுவாரம் ஆச்சி வந்து, “ஐயா, உங்களுக்குப் பென்ஷன் உண்டுமா?” என்று கேட்டார். உண்டு என்றேன். “யார் எழுதிக் கொடுத்தாங்க?” என்றார். எவரும் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை, தானாகவே வந்தது என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, பின்னால் நின்ற நாத்தனாரை முன்னே வரச் சொன்னார். அந்த அம்மையார் கையிலும் ஒரு பை நிறையக் காகிதங்கள் இருந்தன.