கல்குளத்து அரண்மனையும் கம்பர் கலைமகளும்



ஆங்கில நாட்டில் பழைய மாளிகைகளைக் காணச் செல்வோர்க்குப் படுக்கையறை ஒன்றைத் தவறாது காட்டி, "எலிசபெத் அரசியார் ஓரிரவு இங்கே துயின்றார்" என்பார்களாம். எத்தனை மாளிகைகளில்தான் அவ்வம்மையார் துயின்றாரோ! நமக்கு அண்மையிலுள்ள பத்மநாபபுரத்து அரண்மனையின் பெருமை வேறுவகையது. அங்கே உப்பரிகை மாளிகையில், அரசரின் பள்ளியறைக்கும் மேலாக, உச்சிநிலை பத்மநாப சுவாமிக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. சுவரெங்கும் வண்ண ஓவியங்கள். நடுவே தூங்கா விளக்கு. தாம் கட்டிய வீட்டின் மேல்மாடியைத் தெய்வத்துக்கு விட்டுக் கொடுத்துக் கீழே படுத்துறங்கிய அரசர் மார்த்தாண்ட வர்மர்.

ஊரின் பழம்பெயர் கல்குளம். அரண்மனையின் மிகப் பழைய பகுதியாகிய தாய்க் கொட்டாரம் 16-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே எழுந்தது என்பர். 1729-இல் பட்டமேறிய மார்த்தாண்ட வர்மர், 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை முறியடித்த பின்னர், பழைய கொட்டாரத்தைப் புதுக்கி விரித்தார். ஊருக்குப் பத்மநாபபுரம் என்று பெயரும் சூட்டினார். 1750-இல் நாட்டையே இறைவன் திருவடியில் ஒப்படைத்துத் தாம் பத்மநாப தாசரானார். நாட்டையே கொடுத்தவருக்கு ஒரு மாடியைக் கொடுப்பது அரிதோ? தலைநகர் 1795-இல் திருவனந்தபுரத்துக்கு மாறியது.

மரவேலையின் அழகை நான் விரித்துரைக்கப் போவதில்லை; கண்ணாற் காண வேண்டியது அது. சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கலந்து இழைத்ததாகச் சொல்லும் கருந்தரை மட்டும் இன்றும் முகம் பார்க்கும்படி மின்னுகிறது. ஈராயிரம் பேர் அமர்ந்துண்ட ஊட்டுபுரையையும் மறவாமல் பாருங்கள்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கல்குளம் தமிழகத்தோடு சேர்ந்தது. அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பில் நின்றது. "அது யாருடையது?" என்று நம்மவர் வாதிடுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இவ்வழக்கை ஆவணங்களைக் கொண்டு மட்டும் தீர்க்க முயல்வது எனக்கு உடன்பாடன்று. அங்கே வழங்கும் ஐதீகம் ஒன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அரண்மனைக் கோயிலில் எழுந்தருளியிருக்கும் கலைமகள், கவிச்சக்கரவர்த்தி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது அந்த ஐதீகம். முதுமையில் அவர் அதைச் சேர மன்னரிடம் ஒப்படைத்து, நவராத்திரி வழிபாடு ஒருகாலும் தவறலாகாது என்று வாக்குப் பெற்றாராம். கம்பரை 12-ஆம் நூற்றாண்டினர் என்று கொள்வோமாயின், தாய்க் கொட்டாரம் அவருக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் இளையது. ஆகவே இதைச் சரித்திரம் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால், சோழநாட்டுப் புலவரின் தெய்வம் தங்கள் வீட்டில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதிலே பெருமை கண்டது ஓர் அரச குலம். அது சரித்திரந்தானே!

தலைநகர் மாறியும் வாக்கு மாறவில்லை. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன், இரு மாநிலத்தாரும் முன்னிற்க, அரண்மனையில் அரச வாள் கைமாறுகிறது. கலைமகள் யானை மீதேறிப் புறப்படுகிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் வருகிறார்கள். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, மூன்றாம் நாள் கரமனை வழியே நகருக்குள் நுழைகிறார்கள். குமாரசுவாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் தங்க, கலைமகள் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் கொலு வீற்றிருக்கிறாள். அம்மண்டபத்தில் ஒன்பது இரவும் சுவாதித் திருநாள் மகாராஜா இயற்றிய நவராத்திரி கீர்த்தனங்கள் ஒலிக்கின்றன.

நம்மிற் சிலர் இந்நகருக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகியும், "வந்தேறிகள்" என்ற சொல் காதில் விழும்போது கூசுகிறோம். கரமனைத் தெருவில் நிறைபறையும் குத்துவிளக்கும் வைத்து மலையாளத் தாய்மார்கள் வரவேற்பது யாரை? கம்பர் வீட்டிலிருந்து வந்தவளாக நம்பப்படும் தெய்வத்தை அல்லவா? அவர்களுக்குப் பக்கத்தில் நம் வீட்டுப் பெண்களும் விளக்கேற்றி நிற்கிறார்கள். விழா முடிந்ததும் மூன்று தெய்வங்களும் வந்த வழியே திரும்புகிறார்கள். வாளும் கல்குளத்து அரண்மனைக்குப் போய்ச் சேருகிறது.